அளவுக் காகிதம்

எங்கள் மருந்தாளுநர் பள்ளியில் சனிக்கிழமை என்றால் தலைமைப் பயிற்சி. பாடத்திட்டத்தில் அது கிடையாது. அரசுத் தேர்வில் அதைப் பற்றி ஒரு கேள்வியும் வராது. ஆனாலும் மற்ற நாட்களைவிட அந்த ஒரு நாளுக்குத்தான் எல்லோரும் பயந்தார்கள்.

காரைக்குடியில் ஒரு செட்டியார் குடும்பத்தின் அறக்கட்டளை அந்தப் பள்ளியை நடத்தியது. 1966ஆம் வருஷம் அது. பழைய பெரிய வீடு ஒன்றின் முன்பகுதியில் வகுப்பு, பின்பகுதியில் மருந்து கலக்கும் கூடம். எங்கள் ஆசிரியர் முத்துக்கருப்பன் சார் சென்னையில் ஏதோ முகாமுக்குப் போய் வந்து இந்தப் பயிற்சியைத் தொடங்கி வைத்தார். நல்ல மனிதர்தான். நல்ல குரல். கேட்கிறவன் முதுகை நிமிர்த்தும்படி பேசுவார்.

"சீட்டைப் பார்த்து மருந்து மடிச்சுக் குடுக்கிறவன் வெறும் கம்பவுண்டர். பத்துப் பேரை வேலை வாங்கி, கூட்டத்தைச் சமாளிச்சு, ஒரு ஊருக்கே மருந்து போய்ச் சேர வைக்கிறவன்தான் மருந்தாளுநர். நீங்க யாரா இருக்கப் போறீக?"

வாரம் ஒருவன் தலைவன். அவன் தோளில் ஒரு பச்சை ரிப்பனை ஊசியால் குத்திவிடுவார். அன்று முழுக்க மற்றவர்கள் அவன் சொன்னதைச் செய்ய வேண்டும். காலையில் பள்ளி வேனில் ஒரு கிராமத்துக்குப் போய் இலவச மருந்து கொடுத்துவிட்டுத் திரும்பினால் சாயங்காலம் மதிப்பீடு. நாங்கள் வட்டமாக உட்கார, தலைவன் நடுவில் நிற்பான். ஒவ்வொருவரும் அவனிடம் கண்ட நிறை ஒன்று, குறை ஒன்று சொல்ல வேண்டும். குறை சொல்லாதவனுக்கே மதிப்பெண் குறையும். எனவே குறைகளுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. சட்டைப் பித்தான் போடாமல் இருந்தான் என்றுகூட ஒருவன் சொல்லியிருக்கிறான்.

வகுப்புக் கரும்பலகையின் மேல்வரியில் இரண்டு வாக்கியங்கள் எப்போதும் இருக்கும். யாரும் அழிக்கக் கூடாது. "தலைவன் பதறுவதில்லை." "தலைவன் தன் தவறை ஏற்பான்."

வருஷக் கடைசியில் சிறந்த தலைவன் என்று ஒருவனைத் தேர்ந்தெடுப்பார்கள். கண்டனூரில் அறக்கட்டளை ஒரு மருந்தகம் திறக்க இருந்தது. அதன் பொறுப்பு அவனுக்கு.

என் வகுப்புத் தோழன் சபியுல்லாவுக்கு அந்த வேலை வேண்டும். எங்களுக்கும் வேண்டும்தான், ஆனால் அவனுக்கு வேண்டியதுபோல இல்லை. அவன் அத்தா சம்சுதீன் பினாங்கில் மளிகைக் கடையில் நின்றவர். இவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது போனார். பிறகு தந்திதான் வந்தது. அடக்கம் செய்த இடத்தைக்கூட வீட்டில் யாரும் பார்த்ததில்லை. அந்தக் கடை இப்போது மாமா காஜா மைதீன் கையில். ஒவ்வொரு கடிதத்திலும் மாமா ஒரே வார்த்தைதான் எழுதுவார்: புறப்பட்டு வா. அத்தா நின்ற அதே இடத்தில் இவனும் நிற்க வேண்டும்.

"அந்தக் கல்லா எங்க அத்தாவைத் தின்னுருச்சு மாப்ளே. எனக்கும் வாயைத் திறந்து வச்சிருக்கு" என்பான். சொல்லிவிட்டுச் சிரிப்பான். அவனுடைய அம்மா ரஹீமா சிரித்து நான் பார்த்ததில்லை. கண்டனூர் வேலை கிடைத்தால் மகன் சைக்கிளில் போய்ச் சைக்கிளில் வருவான். அவளுக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான்.

அவன் தலைவனாக வேண்டிய சனிக்கிழமை வைகாசியில் வந்தது. அமராவதிபுதூருக்குத் தெற்கே ஒரு சின்ன ஊர். அங்கே பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. டாக்டர் ஒருவர் எழுதிக் கொடுத்தபடி பெரிய ஜாடிகளில் மிக்சர் கலந்து கொண்டுபோக வேண்டும். சுண்ணாம்புத் தூள் சேர்ந்த வெள்ளை மருந்து. அதில் அபினிச் சாரமும் கொஞ்சம் உண்டு. அளவோடு கொடுத்தால் வயிறு கட்டும். அளவு மீறினால் பிள்ளை தூங்கும், மூச்சு மெல்ல மெல்ல இறங்கும்.

அந்தக் காலத்தில் மிக்சர் வாங்க வருகிறவர்கள் புட்டியைத் தாங்களே கொண்டு வருவார்கள். மருந்தை அவுன்ஸ் கிளாஸில் அளந்து புட்டியில் ஊற்றுவோம். ஒரு காகிதத் துண்டைப் புட்டியின் பக்கவாட்டில் வைத்து, மருந்து நிற்கும் உயரத்துக்கு வெட்டி, அதை மடித்து, ஓரத்தில் பல் பல்லாகக் கத்தரித்து ஒட்டுவோம். ஒரு பல் ஒரு வேளை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் இது விளங்கும். ஒரு பல் இறங்கும் வரை ஊற்றிக் கொடுத்தால் போதும்.

ஒவ்வொரு புட்டிக்கும் அளந்து வெட்டுவதால் நேரம் பிடிக்கும். போன வாரத்துத் தலைவன் முத்துவீரன், முகாமை மத்தியானத்துக்குள் முடிக்க முடியாமல் மதிப்பீட்டில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். சபியுல்லா அதைப் பார்த்து யோசித்து வைத்திருந்தான்.

"காகிதத்தை முன்னாடியே வெட்டி வச்சிருவோம் சார். ஒருத்தன் ஒட்டிக்கிட்டே இருப்பான், ஒருத்தன் ஊத்திக்கிட்டே இருப்பான். கூட்டம் நிக்காம நகரும்."

முத்துக்கருப்பன் சார் எழுந்து வந்து அவன் தோளைத் தட்டினார். "இதுதான்டா! கையால வேலை செய்யிறவன் ஆயிரம் பேர். வேலையை யோசிக்கிறவன்தான் தலைவன். எல்லாரும் கை தட்டுங்க."

தட்டினோம். வெள்ளிக்கிழமை முழுக்க எல்லோரும் உட்கார்ந்து பள்ளியில் இருக்கும் புட்டிக்கு அளவெடுத்துக் காகிதம் வெட்டினோம். ஒரு கட்டுக் காகிதம். எல்லாம் ஒரே உயரம், ஒரே பல்.

மறுநாள் முகாம் கச்சிதமாக நடந்தது. ஊர்ப் பிள்ளையார் கோவில் பக்கத்து வேப்பமரத்தடியில் இரண்டு பெஞ்சு போட்டிருந்தோம். முதல் பெஞ்சில் ஒருவன் வெற்றுப் புட்டியில் காகிதத்தை ஒட்டிக் கொடுத்தான். அடுத்ததில் முத்துவீரன் ஊற்றினான். நான் தெருப்பக்கம் பார்த்துக்கொண்டு வரிசையை ஒழுங்கு செய்துகொண்டிருந்தேன். பச்சை ரிப்பனோடு சபியுல்லா வீடு வீடாகப் போய், வராதவர்களைக் கூட்டி வந்துகொண்டிருந்தான்.

"ஏம்ப்பா பச்சைத்துண்டு, நீதான் மாப்பிள்ளையா? பொண்ணு யாரு?" என்று ஒரு கிழவி கேட்டாள்.

"வயித்துப்போக்கு நிக்கட்டும் ஆத்தா, நீயே ஒண்ணப் பாத்து வையி" என்றான். வரிசையே சிரித்தது. மரத்தடியில் நின்ற முத்துக்கருப்பன் சாரும் சிரித்துக்கொண்டே எதையோ குறித்துக்கொண்டார்.

எல்லாம் நன்றாகப் போனது. வரிசை தீருவதற்குள் மருந்து தீர்ந்துவிட்டது. அது ஒன்றுதான். கடைசியில் நின்றவர்கள் வெற்றுப் புட்டியோடு திரும்பிப் போனார்கள்.

"எவ்வளவு வரவேற்பு பார்த்தியா" என்றார் சார்.

வேனில் எல்லோரும் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். சபியுல்லா மட்டும் பாடவில்லை. பள்ளிக்கு வந்து ஜாடிகளைக் கழுவும்போது என் பக்கத்தில் வந்து நின்றான்.

"மருந்து ஏன் பத்தலை?"

"கூட்டம் ஜாஸ்தி."

"இல்லை. வரிசையில நின்னவுகளுக்கு வேண்டியதைவிட நான் கூடுதலாத்தான் கலந்தேன். மிஞ்சியிருக்கணும்." ஈரக் கையைச் சட்டையில் துடைத்தான். பிறகு முத்துவீரனைக் கூப்பிட்டான். "டேய், எப்படி ஊத்துனே?"

"எப்படி ஊத்துவாக? புட்டியிலதான்."

"அவுன்ஸ் கிளாஸ்ல அளந்தியா?"

முத்துவீரன் சிரித்தான். "அதான் நீ காகிதம் ஒட்டிக் குடுத்துட்டியே. மேல் கோடு வரைக்கும் ஊத்த வேண்டியதுதானே. ஜாடியிலருந்து நேரா ஊத்துனேன். அதனாலதானே சீக்கிரம் முடிஞ்சுச்சு. தலைவரு நீ பாராட்டுவேன்னு பார்த்தா..."

சபியுல்லாவின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்த ஊர்க்காரர்கள் பாதிப் பேர் செட்டியார் வீடுகளில் வேலை செய்கிறவர்கள். அவர்கள் கொண்டு வந்த புட்டிகள் அந்த வீடுகளில் கழித்துப் போட்டவை. பன்னீர்ப் புட்டி, பர்மாவிலிருந்து வந்த அத்தர்ப் புட்டி, அடி பெருத்த சதுரப் புட்டி. எங்கள் காகிதம் ஒல்லியான புட்டிக்கு வெட்டியது. அகலமான புட்டியில் அதே உயரத்துக்கு ஊற்றினால் மருந்து இரண்டு பங்கு, மூன்று பங்கு. ஒவ்வொரு பல்லும் இரண்டு பங்கு, மூன்று பங்கு. கைப்பிள்ளைக்கு.

அவன் ஓடிப்போய் முத்துக்கருப்பன் சாரிடம் சொன்னான். சார் நாற்காலியில் சாய்ந்து கேட்டார். நடுவில் ஒரு முறைகூடக் குறுக்கிடவில்லை. முடிந்ததும் கரும்பலகையைக் கையால் காட்டினார்.

"முதல் வரியைப் படி."

"சார், ரெண்டாவது வேளை குடுக்கிறதுக்கு முந்தி போகணும் சார். வேனைக் குடுங்க."

"படிடா."

"தலைவன் பதறுவதில்லை."

"ஆங். திங்கக்கிழமை ஒருத்தரை அனுப்பி விசாரிப்போம். அங்கீகாரத்துக்கு அடுத்த மாசம் ஆய்வுக்கு வர்றாக. இப்ப நீ ஊருக்குள்ள போய் மருந்துல கோளாறுன்னு கத்தினா என்ன ஆகும்? யோசி. சாயங்காலம் மதிப்பீடு இருக்கு. முகத்தைக் கழுவிட்டு வா."

சபியுல்லா முகத்தைக் கழுவவில்லை. வெளியே வந்து சைக்கிளை எடுத்தான். நான் என் சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். அவனைத் தனியாக விடத் தோன்றவில்லை, அவ்வளவுதான். ரிப்பன் அவன் தோளிலேயே இருந்தது. அதைக் கழற்ற அவனுக்கு நினைவில்லை.

ஊருக்குள் நுழைந்தபோது வெயில் கொளுத்தியது. காலையில் பிள்ளைகளின் அழுகையாக இருந்த தெரு இப்போது அமைதியாகக் கிடந்தது. முதல் வீட்டில் ஒரு பெண் எங்களைப் பார்த்து வாயில் விரலை வைத்தாள்.

"சத்தம் போடாதீக தம்பி. மூணு நாளாத் தூங்காத பிள்ளை இப்பத்தான் தூங்குது. நல்ல மருந்து குடுத்தீக. நீங்க நல்லா இருக்கணும்."

அன்று நான் கேட்டதில் அதுதான் மோசமான வாழ்த்து.

சபியுல்லா உள்ளே போய்ப் பிள்ளையைத் தூக்கி உலுக்கினான். அது விழித்து வீறிட்டது. அவன் மூச்சு விட்டான். பிறகு புட்டியைக் கேட்டான்.

மருந்து கலக்கும் கூடத்தில் முதல் நாளே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த வேலைமுறை ஒன்று உண்டு. மருந்து தப்பு என்று சந்தேகம் வந்தால் ஒரு நிமிஷம்கூட வைத்திருக்கக் கூடாது. கொட்டு, காகிதத்தைச் சுரண்டு, கழுவு, கவிழ்த்து வை. தப்பான மருந்து இருக்கும் புட்டியை இன்னொருவன் எடுத்துக் கொடுத்துவிடுவான் என்பதற்காக. யோசிக்காமல் கை தானாகச் செய்யும் வரை அதைச் செய்ய வைப்பார்கள். தப்பு மருந்தை மேசையில் விட்டதற்காக ஒருவனை ஒரு நாள் முழுக்க வெயிலில் நிற்க வைத்தார்கள்.

அதன்படியே செய்தோம். வீடு வீடாகப் போய்ப் புட்டியை வாங்கி, மருந்தை மண்ணில் கொட்டி, காகிதத்தைச் சுரண்டி, கிணற்றடியில் கழுவி, வேலி ஓரம் கவிழ்த்து வைத்தோம். மருந்து கொடுத்தபோது வாழ்த்திய ஊர் இப்போது திட்டியது.

"காலையில குடுப்பாகளாம், மத்தியானம் புடுங்குவாகளாம். எங்க பிள்ளைக மருந்து குடிச்சா இவுகளுக்குப் பொறுக்கலை."

"நாளைக்குப் புது மருந்து கொண்டாறேன் ஆத்தா. இது வேணாம். என் தப்பு" என்றான் சபியுல்லா ஒவ்வொரு வீட்டிலும்.

"உன் தப்புன்னா நீ குடி. எங்களுக்கு ஏன் கொட்டுறே?"

காலையில் கேலி பேசிய கிழவிகூட முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒரு வீடு பூட்டியிருந்தது. ராக்காயி வீடு. பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்: "அவ கண்டனூருக்குப் போயிட்டா. செட்டியார் வீட்டுக் கல்யாணத்துக்கு மாவாட்ட ஆள் கேட்டாக. கைப்பிள்ளையையும் தூக்கிக்கிட்டு வண்டியில போனா."

"மருந்து?"

"புட்டி மடியிலதான் இருந்துச்சு. பெருசா, சதுரமா, அழகான புட்டி. போற வழியில இன்னொரு கோடு குடுக்கணும்னு சொன்னா."

சபியுல்லா சைக்கிளைத் திருப்பினான்.

காரைக்குடிக்குத் திரும்பி வந்து கண்டனூர் ரோட்டைப் பிடித்தோம். வழியில் அவன் ஒரே ஒரு முறைதான் பேசினான். "காகிதத்தை முன்னாடி வெட்டினது நான்தானே. அவன் ஊத்துனான். ஆனா வெட்டினது நான்." எதிர்க்காற்றில் வாயைத் திறந்தால் புழுதி.

கல்யாண வீடு எங்கள் பள்ளித் தாளாளர் முத்தப்பச் செட்டியாருடையது. மறுநாள் அவர் மகளுக்குக் கல்யாணம். வருஷத்தில் பெரும்பாலும் பூட்டிக் கிடக்கும் வீடு அன்று முழுக்கத் திறந்து கிடந்தது. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முகப்பில் பந்தல், உள்ளே மாப்பிள்ளை வீட்டார் இலைபோட்டுச் சாயங்காலப் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் பின்வாசலுக்குப் போனோம். சமையல்கட்டுப் புகைக்கு நடுவில் நாலைந்து பெண்கள் ஆட்டுரலில் மாவாட்டிக்கொண்டிருந்தார்கள்.

ராக்காயியைக் கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது. ஆட்டுரலை விட்டு எழுந்து, மூலையில் சாக்கில் கிடந்த பிள்ளையின் வாய்க்கு நேராக மருந்து ஊற்றிய பாலாடையைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். பக்கத்தில் அந்தச் சதுரப் புட்டி. அதில் இரண்டு பல் ஏற்கனவே இறங்கியிருந்தது.

"குடுக்காதே!" சபியுல்லா கத்தினான். "அது விசம்! குடுக்காதே, விசம்!"

பாலாடை தரையில் விழுந்தது. ஆட்டுரல்கள் நின்றன. சமையல்காரர் கரண்டியோடு திரும்பினார். அந்த ஒரு வார்த்தை எங்கள் காலடியில் நிற்கவில்லை. அது சமையல்கட்டைத் தாண்டி, இரண்டாங்கட்டைத் தாண்டி, பந்தி நடக்கும் இடத்துக்குப் போய்விட்டது. சமையல்கட்டில் விஷமாம்.

அவன் எதையும் கவனிக்கவில்லை. பிள்ளையைத் தூக்கினான். பெண் குழந்தை, பெயர் கருப்பி. தலை தொங்கியது. கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தான். கண்மணி கடுகுபோலச் சுருங்கியிருந்தது, அபினி மிஞ்சியதற்கு அடையாளம். தொண்டையில் விரலை விட்டான். வெள்ளையாக வாந்தி வந்தது. "காப்பி டிகாக்சன், கெட்டியா" என்று என்னிடம் சொன்னான். நான் சமையல்காரர் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கி வந்தேன். பாலாடையில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினோம். அவன் பிள்ளையின் உள்ளங்காலைச் சுண்டிக்கொண்டே இருந்தான். ராக்காயி மார்பில் அடித்துக்கொண்டாள். "என் பிள்ளையைக் கொல்றாகளே, யாராச்சும் வாங்களேன்!"

வெகு நேரம் ஆனதுபோல இருந்தது. உண்மையில் அவ்வளவு நேரம் ஆகியிருக்காது. கருப்பி முகத்தைச் சுளித்து, கையை மடக்கி, ஒரு அழுகை அழுதாள். அதற்குப் பிறகு நிறுத்தவே இல்லை.

சபியுல்லா பிள்ளையை ராக்காயியிடம் கொடுத்தான். திரும்பி அந்தச் சதுரப் புட்டியை எடுத்தான். கொட்டினான். காகிதத்தை நகத்தால் சுரண்டினான். அண்டாத் தண்ணீரில் கழுவினான். சன்னல் திட்டில் கவிழ்த்து வைத்தான். கை தானாகவே வேலையைச் சுத்தமாகச் செய்தது.

அப்போதுதான் அவர்கள் வந்தார்கள். முன்னால் நாச்சியம்மை ஆச்சி, செட்டியாரின் மனைவி. அவளுக்குப் பின்னால் செட்டியார். அவருக்குப் பின்னால் வெற்றிலையை மென்றபடி குடும்ப டாக்டர்.

"யாருடா இங்க விசம்னு கத்துனது?" ஆச்சியின் குரல் உடைந்திருந்தது. "பந்தியில பாதிப் பேர் எந்திரிச்சுட்டாக. மாப்பிள்ளையோட அப்பச்சி கை கழுவிட்டு வாசல்ல போய் நிக்கிறாக. நாளைக்குக் கல்யாணம்டா!"

"சாப்பாட்டுல இல்லை ஆச்சி. மருந்துல. நாங்க குடுத்த மருந்து."

செட்டியார் அவன் தோளிலிருந்த ரிப்பனைப் பார்த்தார். "நம்ம பள்ளிக்கூடப் பயலா?"

டாக்டர் கருப்பியின் நாடியைப் பிடித்தார். அவள் அவர் கையைத் தள்ளிவிட்டு இன்னும் சத்தமாக அழுதாள்.

"இப்படி அழுகிற பிள்ளைக்கு என்ன விசம்? நெஞ்சுக்கூடு நல்லா இருக்கு."

"கண்மணி சுருங்கியிருந்துச்சு சார்."

"வெளிச்சத்துல எல்லாருக்கும் சுருங்கத்தான் செய்யும். எங்க அந்த மருந்தைக் கொண்டா, பார்ப்போம்."

சபியுல்லா சன்னல் திட்டைப் பார்த்தான். நானும் பார்த்தேன். கவிழ்த்து வைத்த புட்டியிலிருந்து தெளிந்த தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

டாக்டர் வெற்றிலைச் சாற்றை விழுங்கிவிட்டு, "வயித்துப்போக்குல சோர்ந்து கிடந்த பிள்ளை. அவ்வளவுதான். போய் எல்லாரையும் உக்காரச் சொல்லுங்க" என்றார்.

ராக்காயியை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆச்சி அவளிடம், "ஆட்டுறதை ஆட்டு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

விட்டுப்போன மதிப்பீட்டைத் திங்கட்கிழமை வைத்தார்கள். கருங்கல் போல முகத்தை வைத்துக்கொண்டு முத்துக்கருப்பன் சார் உட்கார்ந்திருந்தார். சபியுல்லா அதே பச்சை ரிப்பனோடு நடுவில் நின்றான். ஒரு அகலப் புட்டியும் வெட்டிய காகிதமும் கொண்டு வந்திருந்தான். காகிதத்தை ஒட்டி, மேல் கோடு வரை தண்ணீர் ஊற்றி, அதை அவுன்ஸ் கிளாஸில் அளந்து காட்டினான். வட்டத்தில் எல்லோருக்கும் புரிந்தது. முகங்களைப் பார்த்தாலே தெரிந்தது.

"அது நீ இப்ப ஊத்துறது. அன்னைக்கு ஊத்துனவன் சொல்லட்டும்" என்றார் சார்.

முத்துவீரன் எழுந்தான். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அவுன்ஸ் கிளாஸ்ல அளந்துதான் ஊத்துனேன் சார்."

"டேய்" என்றான் சபியுல்லா. அவ்வளவுதான் சொன்னான்.

"அப்ப மருந்து ஏன் பத்தலை?" என்றார் சார்.

"வேன்ல வரும்போது ஜாடி சிந்திருச்சு சார்."

நான் எழுந்தேன். முத்துவீரன் ஜாடியிலிருந்து நேராக ஊற்றியதாக அவன் வாயாலேயே சொன்னதைச் சொன்னேன். ஊரில் பிள்ளைகள் தூங்கியதைச் சொன்னேன். கருப்பியின் தலை தொங்கியதைச் சொன்னேன்.

"அவன் ஊத்துனதை நீ பார்த்தியா?"

"வரிசைப் பக்கம் நின்னேன் சார். பார்க்கலை."

"உன் நட்பைப் பாராட்டுறேன். ஆனா மதிப்பீடுங்கிறது நட்பு இல்லை. உட்காரு."

பிறகு வட்டம் சுற்றியது. நிறை ஒன்று, குறை ஒன்று. நிறை: காகிதத்தை முன்கூட்டி வெட்டும் யோசனை. எல்லோரும் அதையே சொன்னார்கள். குறை: பதறினான். எல்லோரும் அதையே சொன்னார்கள். குறை சொல்லாவிட்டால் மதிப்பெண் போய்விடும் அல்லவா. என் முறை வந்தபோது குறை இல்லை என்றேன். என் மதிப்பெண் போனது.

வகுப்பு கலைந்த பிறகு சார் அவனை நிறுத்தினார். நான் கதவருகில் நின்றேன். என்னைப் போகச் சொல்லவில்லை.

"இங்க பாரு சபியுல்லா." குரல் தணிந்திருந்தது. "செட்டியார் உன்னை இன்னைக்கே வெளியேத்தச் சொல்றாக. நான்தான் பேசி வச்சிருக்கேன். ஒண்ணும் பெருசா வேணாம். அவுக முன்னாடி போய், மருந்து சரியாத்தான் இருந்துச்சு, நான்தான் பயந்துட்டேன், தப்பு ஒண்ணும் நடக்கலைன்னு சொல்லிரு. டிப்ளமோ கையில கிடைக்கும். கண்டனூர் வேலைகூட, பின்னாடி பேசிப் பார்க்கலாம்."

சபியுல்லா கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தான். முதல் வரியை இல்லை, இரண்டாவதை.

"தப்பு நடந்துச்சு சார். காகிதத்தை வெட்டினது நான். என் தப்பு."

"தப்புச் செஞ்சவனெல்லாம் நான் செய்யலைன்னு அழுவான். உன்னைச் செய்யலைன்னு சொல்லச் சொல்லி நான் கெஞ்ச வேண்டியிருக்கு. உங்க அம்மாவை நினைச்சுப் பார்த்தியா?"

"நினைச்சேன் சார்."

"அப்புறம்?"

"தப்பு இல்லைன்னு சொன்னா, அந்தக் காகிதத்தை மறுபடி ஒட்டுவீக சார்."

சார் எழுந்து சன்னல் பக்கம் போனார். திரும்பி வந்து அவன் தோளில் கை வைத்து, பச்சை ரிப்பனைக் குத்தியிருந்த ஊசியைக் கழற்றினார். துணி கிழியாமல் மெதுவாகத்தான் கழற்றினார்.

அவனைக் காரைக்குடி ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிட நானும் அவன் அம்மாவும் போனோம். சென்னைக்கு, அங்கிருந்து கப்பல். ரஹீமா அழவில்லை. டிபன் பாக்ஸைக் கொடுத்து, "மாமு சொல்றதைக் கேளு. வெந்நீர் குடி" என்றாள். வண்டி கிளம்பும்போது அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "கல்லா காத்துக்கிட்டு இருக்கு மாப்ளே." பழைய சிரிப்பு மாதிரிதான் இருந்தது.

நான் அந்த வருஷத்தோடு படிப்பை விட்டுவிட்டேன். இப்போது மில்லில் இரவு ஷிப்ட். அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

சிறந்த தலைவன் முத்துவீரன். ஆய்வுக்கு வந்தவர்கள் தலைமைப் பயிற்சியைப் புகழ்ந்துவிட்டுப் போனார்களாம். கண்டனூர் மருந்தகம் அவன் பொறுப்பில் திறந்தது.

போன மழைக்காலத்தில் எனக்கு இருமல் விடவில்லை. கண்டனூரில் ஒரு வேலையாகப் போனவன், அங்கேயே மருந்து வாங்கலாம் என்று வரிசையில் நின்றேன். முத்துவீரனுக்கு முடி கொட்டியிருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"எத்தனை வருசமாச்சு! எங்குட்டு இருக்கீக? வாங்க, உள்ள வாங்க." என்னை 'நீக' போட்டுத்தான் பேசினான். என் கையிலிருந்து புட்டியை வாங்கினான். மேசை மேல் ஒரு பிஸ்கட் டப்பா. அதற்குள் கைவிட்டு ஒரு காகிதத்தை எடுத்தான். முன்கூட்டி வெட்டிய காகிதம். ஒரே உயரம், ஒரே பல். நாக்கில் தொட்டுப் புட்டியில் ஒட்டி, ஜாடியிலிருந்து மேல் கோடு வரை ஊற்றினான்.

"இன்னும் இதுதானா?" என்றேன்.

அவன் என் கண்ணைப் பார்க்கவில்லை. "நம்ம பள்ளிக்கூடத்து முறை. பாடத்துலயே சேர்த்துட்டாக. நல்ல யோசனைதானே." பிறகு மெல்ல, "சபி கடுதாசி போடுறானா?" என்று கேட்டான்.

"இல்லை."

உண்மையும் அதுதான். முதல் வருஷம் இரண்டு கடிதம் வந்தது, பிறகு இல்லை.

பெரும்பாலான மிக்சர் யாரையும் கொல்லாது. முத்துவீரனுக்கு அது தெரியும், எனக்கும் தெரியும். அதனால்தான் அந்த டப்பா இத்தனை வருஷம் அந்த மேசையில் இருந்திருக்கிறது.

நான் புட்டியை வாங்கிக்கொண்டு நகர்ந்தேன். எனக்குப் பின்னால் இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண் நின்றிருந்தாள். அவள் நீட்டிய புட்டி அடி பெருத்து, தோள் அகன்று, ஏதோ பெரிய வீட்டில் கழித்துப் போட்டதாக இருந்தது. முத்துவீரன் அதை வாங்கிக்கொண்டு டப்பாவுக்குள் கையை விட்டான்.

"அளந்து ஊத்தச் சொல்லும்மா" என்றேன் அவளிடம்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "டாக்டரய்யாவுக்குத் தெரியாதா?" என்றாள்.